கரவொலி வாக்காகுமா?

(பேச்சாளர் பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடை ஏறுமுன் தொண்டையைச் செருமிக்கொள்ளாத பேச்சாளன் உண்டா? தேனிலே இஞ்சிச்சாறு கலந்து குடிப்பவர் ஒருவர். மிளகை வாயில் அடக்கிக்கொள்பவர் ஒருவர். பனங்கற்கண்டைப் பையிலே முடிந்து வைத்திருப்பவர் இன்னொருவர். குரல்தான் நமக்குக் கொற்றம். குரல்தான் நமக்குக் கூர்வாள். அந்தக் குரலே போய்விட்டால்? ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, மேடை போட்டாகிவிட்டது, மக்கள் திரண்டாகிவிட்டது, வேட்பாளரின் தொண்டை மட்டும் அடைத்துக்கொண்டது என்றால்?

அப்படித் தொண்டை அடைத்துப்போன ஒருவர், நாவன்மையிலே தம்மினும் மிக்க ஒருவரை எதிர்த்து நின்று வென்ற வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நடந்தது இங்கே அல்ல. அமெரிக்க நாட்டிலே, மேற்கு வர்ஜீனியா என்னும் மலை மாநிலத்திலே, 1960ஆம் ஆண்டிலே.

அங்கே போகுமுன் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி வகுப்பைப் பாதியிலே விட்டுவிட்டு, நாடகம் எழுதி, நடித்து, அந்தப் பழக்கத்திலே அரசியல் மேடைக்கு வந்தவன் நான். ஒரு தேர்தலிலே, ஒரு சிற்றூரிலே பேசினேன். பத்து மணி அடித்து ஒலிபெருக்கியை நிறுத்திய பிறகும் கலையாத கூட்டம்! ஒவ்வொரு அடுக்குமொழிக்கும் ஓர் அலை எழுந்து அடங்கியது. கழுத்து நிறைய மாலை. காது நிறைய வாழ்த்து. காருக்குத் திரும்புகையில் ஒரு மூதாட்டி கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் பேசுனீங்க தம்பி. எங்க தெருக் குழாயில மூணு மாசமாத் தண்ணி வரல. அதப் பத்தி ஒரு வார்த்த சொல்லலியே?"

சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு ஏறிவிட்டேன். வாக்கு எண்ணிய அன்று பார்த்தால், அந்த ஊர்ச் சாவடியிலே நமக்கு விழுந்த வாக்கு, அன்றிரவு எனக்கு விழுந்த மாலைகளைவிடச் சற்றே அதிகம்! கரவொலி கடலாக இருந்ததே, வாக்கு ஏன் வாய்க்காலாக வற்றிற்று? இந்தக் கேள்வி என்னை உறுத்தியது. அந்த உறுத்தல்தான் என்னை மேற்கு வர்ஜீனியாவின் கதையைத் தேடிப் படிக்க வைத்தது.

தோழர்களே! அமெரிக்காவிலே 'பிரைமரி' என்றொரு முறை உண்டு. முன்தேர்தல் என்று நாம் அழைக்கலாம். இரு கட்சிகள் மோதுகின்ற தேர்தல் அன்று அது. ஒரே கட்சியிலே இருப்பவர்கள், தங்கள் வேட்பாளர் யார் என்று மக்களிடமே வாக்குக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் தேர்தல். 1960இலே சில மாநிலங்களில்தான் அந்த முறை இருந்தது. மற்ற இடங்களில் கட்சித் தலைவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். ஆயினும், 'இவருக்கு மக்கள் வாக்களிப்பார்களா?' என்ற ஐயம் தலைவர்கள் உள்ளத்திலே இருக்குமானால், அதைப் போக்கும் உரைகல் முன்தேர்தலே.

அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியிலே களம் இறங்கிய இருவர், செனட் சபை உறுப்பினர்களான ஜான் கென்னடியும் ஹியூபர்ட் ஹம்ப்ரியும்.

ஹம்ப்ரி யார்? மருந்துக்கடைக்காரரின் மகன். தாமே கடையில் நின்று மருந்து கொடுத்தவர். மினியாப்பொலிஸ் நகரின் மேயராக இருந்தவர். 1948ஆம் ஆண்டு பிலடெல்பியாவிலே நடந்த கட்சி மாநாட்டில், கருப்பின மக்களுக்குக் குடியுரிமைகள் வேண்டும் என்று அவர் முழங்கியது ஏறத்தாழப் பத்தே நிமிடம். அந்த மாநாடு, அவர் ஆதரித்த உரிமைத் தீர்மானத்தை ஏற்றது. தென்மாநிலப் பேராளர்கள் சிலர் எழுந்து வெளியேறினர். கட்சி பிளந்தாலும் பிளக்கட்டும், கொள்கை குலையக்கூடாது என்று நின்ற குரல் அது! பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவர் என்று நண்பர்களே கேலி செய்யும் அளவுக்குப் பேச்சு அவருக்கு ஊற்று.

கென்னடி யார்? கோடீசுவரத் தந்தையின் மகன். தந்தை பிரிட்டனுக்குத் தூதராக இருந்தவர். மகனுக்கு வயது 42. பேச்சோ, வேகம் மிகுந்தது. பாஸ்டன் நகரத்து உச்சரிப்பிலே சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரும். வலக்கை காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். முழங்கி முடித்துக் கரவொலிக்குக் காத்து நிற்கும் வழக்கம் அவரிடம் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். நம் ஊர் மேடை அளவுகோலால் அளந்தால், ஹம்ப்ரி நாவலர், கென்னடி கற்றுக்குட்டி.

ஏப்ரல் 5ஆம் நாள் விஸ்கான்சின் மாநிலத்திலே கென்னடி வென்றார். ஆனால் வென்றும் மகிழ முடியவில்லை. கென்னடி கத்தோலிக்கர். 'கத்தோலிக்கர் மிகுந்த பகுதிகள் அவரைத் தூக்கிவிட்டன. அவ்வளவுதான்' என்று ஏடுகள் எழுதின. கட்சித் தலைவர்களின் நினைவிலே 1928ஆம் ஆண்டு பாறையாய்க் கிடந்தது. அந்த ஆண்டு ஆல் ஸ்மித் என்ற கத்தோலிக்கரை வேட்பாளராக்கி, ஹூவரிடம் படுதோல்வி கண்ட கட்சியல்லவா அது?

அடுத்த களம் மேற்கு வர்ஜீனியா. அங்கே கத்தோலிக்கர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. மற்றவர் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டு கிறித்தவர். தொடக்கத்தில் கென்னடியின் சார்பில் எடுத்த கணிப்பு, 70க்கு 30 என்று அவருக்கு வெற்றி காட்டியது. அவர் இன்ன மதத்தவர் என்பது ஊருக்குத் தெரிந்த பின் எடுத்த கணிப்போ, 60க்கு 40 என்று ஹம்ப்ரி பக்கம் சாய்ந்தது. ஒரே மனிதர், அதே கொள்கை, அதே முகம். நடுவிலே வந்து நின்றது மதம் என்னும் மதில்!

அந்த மாநிலத்தின் நிலை என்ன? மண்ணுக்கு அடியிலே கருவைரம். மண்ணுக்கு மேலே காய்ந்த வயிறு. நிலக்கரியைப் பெயர்த்தெடுக்கும் இயந்திரங்கள் வந்தன. 1950இலிருந்து 1960க்குள் சுரங்கத் தொழிலாளரின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. நிமிர்ந்த நெஞ்சோடு உழைத்தவர்கள், அரசாங்கம் வழங்கிய உபரி உணவான மாவையும் அரிசியையும் பால்பொடியையும் வாங்க வரிசையிலே நின்றார்கள். உலகத்துக்கே உணவு அனுப்பிய செல்வ நாடு! அதன் மடியிலேயே பசித்த பிள்ளை!

கென்னடி அந்த மலைப்பாதைகளில் நடந்தார். சுரங்க வாயிலிலே, பணி மாறும் நேரத்திலே, கரி படிந்த கைகளைப் பற்றிக் குலுக்கினார். பட்டினியை அதுவரை ஏட்டிலே மட்டும் படித்த செல்வர் வீட்டுப் பிள்ளை, அதைக் கண்ணெதிரே கண்டு கலங்கினார் என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த நாள்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சுரங்கத் தொழிலாளி ஒருவர் கென்னடியை மடக்கினாராம். நீ பெரும் பணக்காரர் மகன்தானே என்று கேட்டாராம். ஆம் என்றாராம் கென்னடி. உன் வாழ்நாளில் ஒரு நாளேனும் கையால் உழைத்ததில்லையாமே என்றாராம். அதையும் மறுக்கவில்லையாம். தொழிலாளி சிரித்துவிட்டு, அப்படியானால் கேள், நீ ஒன்றையும் இழந்துவிடவில்லை என்றாராம்! நடந்ததோ, நயத்துக்காகச் சொல்லப்படுவதோ, அதன் கருத்து நமக்கு வேண்டும். கென்னடி ஏழை வேடம் போடவில்லை. அழுக்குச் சட்டையை அணிந்துகொண்டு 'நானும் உங்களில் ஒருவன்' என்று நடிக்கவில்லை. நாடகம் எழுதுகிறவன் சொல்கிறேன்: அரிதாரம் கலைந்துவிட்டால், அரசன் வேடக்காரனைக் கண்டு குழந்தைகூடச் சிரிக்கும். அவர் அரிதாரம் பூசவில்லை. அதனால் கலைவதற்கும் ஒன்றுமில்லை.

மதக் கேள்வியை என்ன செய்தார்? ஆலோசகர்களில் சிலர், 'அதைத் தொடாதே, தொட்டால் சுடும்' என்றார்கள். அவர் தொட்டார். தாம் கடற்படையிலே சேர்ந்தபோது எவரும் தம் மதத்தைக் கேட்கவில்லை என்றார். 1943ஆம் ஆண்டு பசிபிக் கடலிலே அவர் தலைமை தாங்கிய படகு பிளக்கப்பட்டு, தோழர்களைக் காத்துக் கரை சேர்த்தவர் அவர். 1944இலே போர் விமானத்திலே உயிர் நீத்தவர் அவருடைய அண்ணன். விமானம் ஏறுமுன் அந்த அண்ணனிடம் எவரும், நீ கத்தோலிக்கனா என்று கேட்டதில்லை என்றார். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, மே 8ஆம் நாள் ஞாயிறு மாலை, தொலைக்காட்சியிலே மக்களின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்பவர், திருச்சபையும் அரசும் தனித்தனியே என்பதையும் காப்பேன் என்றுதான் விவிலியத்தின் மீது கைவைத்து உறுதி எடுக்கிறார். அதை முறிப்பவர் நாட்டுக்கு மட்டுமல்ல, கடவுளுக்கே குற்றம் இழைக்கிறார் என்ற கருத்தை எடுத்துவைத்தார்.

தோழர்களே, அந்த வாதத்தின் வல்லமையைப் பாருங்கள். 'என் மதத்தைப் பற்றிப் பேசாதே' என்று எதிரியை ஏசியிருந்தால், ஐயம் அங்கேயே கிடந்திருக்கும். ஐயப்படுகிறவரின் பக்தியையே சாட்சிக்கு அழைத்துவிட்டார்! கத்தோலிக்கரை வெறுப்பவன் மதவெறியன் என்று கேட்போரைத் திட்டவில்லை. 'உங்களுக்கும் எனக்கும் பொதுவான ஒன்றைக் கொண்டே தீர்ப்புச் சொல்லுங்கள்' என்று கைகூப்பினார். மதவேற்றுமை பாராதே என்று சொல்வது ஒரு முழக்கம். 'எனக்கு வாக்களித்தால், உங்கள் மனத்தில் மதவெறி இல்லை என்று நாடு அறியும்' என உணரச் செய்வது ஒரு வேலை. அவர் அந்த வேலையைச் செய்தார்.

இடையிலேதான் அவர் தொண்டை அடைத்தது. பேசிப் பேசிக் குரல் போயிற்று. தாளில் எழுதிக் காட்டி உரையாட வேண்டிய நிலை. அவருக்காக மற்றவர்கள் பேசினார்கள். 28 வயதுத் தம்பி எட்வர்டும் பேசினார். ஒரு கூட்டத்திலே தம்பி தம்மை மறந்து முழங்கத் தொடங்கிவிட, அண்ணன் ஒலிபெருக்கியை வாங்கி, கரகரத்த குரலிலே, 35 வயது ஆகாமல் குடியரசுத் தலைவர் ஆக முடியாது என்பதைத் தம்பிக்கு நினைவூட்டுகிறேன் என்றாராம். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. குரல் இல்லாத வேளையிலும் ஒருவரின் இயல்பு பேசும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால், தோழர்களே, நான் உங்களுக்குத் தேவதைக் கதை சொல்ல வரவில்லை. வெற்றியின் முகத்திலே கரி உண்டு, அதையும் காட்டுவேன். ஹம்ப்ரி பேருந்திலே மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கென்னடியின் குடும்பத்துக்குச் சொந்த விமானம் இருந்தது. தாம் தனிக்கடை வணிகர் என்றும், எதிரே நிற்பது கிளைகள் பரப்பிய பெரு நிறுவனம் என்றும் ஹம்ப்ரி ஒப்பிட்டுச் சொன்னார். கடைசி நாள்களில் தொலைக்காட்சி நேரத்துக்குப் பணம் கட்ட வழியின்றித் தம் சொந்தக் காசோலையையே எழுதினார். கென்னடி தரப்பிலிருந்து வட்டாரப் பெருந்தலைகளுக்குப் பணம் பாய்ந்தது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது, இன்னும் ஓயவில்லை.

அதனினும் கொடியது ஒன்று. சுரங்கத் தொழிலாளர் தெய்வமாகப் போற்றியவர் பிராங்ளின் ரூசுவெல்ட். அவர் மகனைக் கென்னடி அணியினர் அழைத்து வந்தார்கள். ரூசுவெல்ட்டின் சொந்த ஊரான ஹைட் பார்க்கின் அஞ்சல் முத்திரையோடு வீடுதோறும் கடிதங்கள் வந்தன. அதுவரை சரி, அது திறமை. ஆனால் அந்த மகன் மேடையிலே நின்று, ஹம்ப்ரி போருக்குப் போகாமல் ஒதுங்கியவர் என்று பொருள்படப் பேசினார். உடற்குறையினால் படையிலே சேர்க்கப்படாதவர் ஹம்ப்ரி! பின்னாளிலே ரூசுவெல்ட் மகன் அதற்காக வருந்தினார், மன்னிப்பும் கேட்டார். எய்த அம்பு, எய்தவன் அழுதால் திரும்பி வருமா? மேடையிலே ஒரு நொடியிலே சொன்னது, ஆயுள் முழுதும் அவரைத் துரத்தியது. நாவை அடக்க வேண்டிய இடம் எது என்று பாடம் கேட்பவர்கள், இந்த இடத்திலே அடிக்கோடு இட்டுக்கொள்ளுங்கள்.

மே 10ஆம் நாள், மழை பெய்துகொண்டிருந்தது. வாக்குகள் எண்ணப்பட்டன. கென்னடிக்கு 2,36,510, ஹம்ப்ரிக்கு 1,52,187. நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல்! நூற்றுக்கு ஐந்து பேர் மட்டுமே தம் மதத்தவராக இருந்த மண்ணிலே! அன்றிரவே ஹம்ப்ரி போட்டியிலிருந்து விலகினார். கென்னடியின் தம்பி இராபர்ட், மழையிலே நடந்து ஹம்ப்ரியின் இருப்பிடம் சென்று, தோற்றவரோடு உடன் நடந்து வந்தார். அந்தக் காட்சியை நான் நாடகமாக எழுதினால் வசனமே வைக்கமாட்டேன். மழை ஓசை போதும்.

சரி, பேச்சு வென்றது. பிறகு? அங்கேதான், தோழர்களே, அந்த மூதாட்டியின் குழாய் வருகிறது.

நவம்பரிலே நாடு முழுவதும் 1,20,000க்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டிலே கென்னடி குடியரசுத் தலைவரானார். 1961ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள் பொறுப்பேற்றார். மறுநாள் அவர் பிறப்பித்த முதல் நிர்வாக ஆணை என்ன? படைக்கலம் பற்றியதா? வெளிநாட்டு உடன்படிக்கையா? இல்லை. தேவைப்படும் குடும்பங்களுக்கு வழங்கும் உணவைப் பெருக்கும் ஆணை! அதே ஆண்டு மே 29ஆம் நாள், மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியிலே, வெல்ச் என்ற ஊரிலே, சோதனைத் திட்டத்தின் முதல் உணவுச் சீட்டுகள் வழங்கப்பட்டன. வேளாண்மை அமைச்சரே வந்து கொடுத்தார். கென்னடிக்கு அன்று 44ஆம் பிறந்த நாள். அந்தச் சோதனையிலிருந்து பிறந்ததுதான் 1964ஆம் ஆண்டின் உணவுச் சீட்டுச் சட்டம்.

சுரங்க வாயிலில் கொடுத்த வாக்கு, கடைப் படியிலே சரக்காக வந்து இறங்கிற்று. 'வாக்கு' என்ற ஒரே சொல்லுக்கு நம் தமிழ் இரண்டு பொருள் வைத்திருக்கிறதே, ஏன்? நாம் கொடுப்பதும் வாக்கு. அவர்கள் அளிப்பதும் வாக்கு. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுகிறோம். பெற்றுக்கொண்டு கொடுக்க மறந்தவனுக்குக் கடன்காரன் என்று பெயர்.

அத்தோடு எல்லாம் இனிதே முடிந்ததா? முடியவில்லை. மெக்டவல் கவுண்டியின் மக்கள் தொகை 1950இலே ஒரு இலட்சத்தை நெருங்கி நின்றது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே ஏறத்தாழப் 19,000. சீட்டு பசியைத் தணித்தது. போன வேலையை மீட்டுத் தரவில்லை. அன்று ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த அந்த மாநிலம், 2000ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாற்றுக் கட்சிக்கே வாக்களித்து வந்திருக்கிறது. மக்களின் ஆர்வம் வழிவழியாக வரும் சொத்தன்று. ஒரு தலைமுறை ஈட்டியதை அடுத்த தலைமுறை உட்கார்ந்து உண்ண முடியாது.

தோற்ற ஹம்ப்ரி என்ன ஆனார்? அமைதிப்படைத் திட்டத்தைச் செனட் சபையிலே மசோதாவாகக் கொண்டுவந்தவர் அவர். கென்னடி அதைச் செயலாக்கினார். 1948இலே பத்து நிமிடம் முழங்கினாரே, குடியுரிமை! அந்த முழக்கம் 1964ஆம் ஆண்டிலே சட்டமாவதற்குச் செனட் சபையில் முன்னின்று போராடி வென்றவரும் அவரே. பின்னர்த் துணைக் குடியரசுத் தலைவரானார். உபரித் தானியத்தைப் பசித்த நாடுகளுக்கு அனுப்ப வேண்டும் என்று ஓயாது வாதாடியவர்களிலும் அவர் ஒருவர். பி.எல்.480 திட்டத்தின் கோதுமை நம் நாட்டு நியாயவிலைக் கடைகளுக்கும் வந்ததை உங்கள் வீட்டு முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு முன்தேர்தலிலே தோற்றவரின் பேச்சு, பதினாறு ஆண்டு பொறுத்திருந்து சட்டமாக வென்றது. ஆகவே, தோற்றவன் பேச்சு வீண் என்று எவரும் சொல்லிவிடாதீர்கள்.

தோழர்களே! இந்தக் கதையிலிருந்து என் வீட்டுச் சுவரிலே எழுதி வைத்துக்கொண்டவை மூன்று.

பேசப் போகும் ஊரிலே, மாலைக் கூட்டத்துக்குக் காலையிலேயே போய்விடு. தெருக் குழாயைத் திருகிப் பார். கேட்போர் உள்ளத்திலே உன்னைப் பற்றி ஓர் ஐயம் இருந்தால், அதை நீயே எடுத்து மேடையிலே வை. அவர்களைப் பழிக்காமல் பதில் சொல். மாற்றார் கொள்கையை மறு; மாற்றாரின் மானத்தைத் தொடாதே.

அடுக்குமொழி வேண்டாம் என்கிறேனா? அதை நான் சொன்னால் சிரிப்பீர்கள்! அடுக்குமொழி தேருக்கு அலங்காரம். ஆனால் தேரை இழுப்பது வடம். வடம் பிடிக்க வருகிறவர், 'இது என் தேர்' என்று எண்ணினால்தான் கைவைப்பார்.

சென்ற மாதம் அந்தச் சிற்றூருக்கு மீண்டும் போனேன். கூட்டம் இல்லை; மாலை இல்லை; ஒலிபெருக்கி இல்லை. மூதாட்டியின் தெருவைத் தேடிப் பிடித்தேன். குழாயிலே தண்ணீர் வருகிறது, நாள் விட்டு நாள். தெருவார் தாமே மனு எழுதி, அலைந்து, பெற்றிருக்கிறார்கள். நமக்கு அதிலே பங்கில்லை. மூதாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"இப்பவாச்சும் வந்தீங்களே" என்றார்.

என் வாழ்நாளிலே நான் பெற்ற கரவொலிகளிலே பெரியது அது. அதற்கு நான் இன்னும் கடன்பட்டவன். உங்கள் ஊரிலே உங்களுக்காகவும் அப்படி ஒரு தெரு காத்திருக்கிறது. தொண்டை நலமாக இருக்கும்போதே போய்ப் பாருங்கள்.